தனுசியா பிறந்த கதை

பாப்பாமோட்டையில் மங்கையற்கரசியிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. மீள்குடியேற்றத்தில் கட்டிக் கொடுத்த வீட்டுக்குப் பின்கதவு இல்லை என்று மூன்று மாதம் கந்தோருக்கு நடந்தாள். கடைசியில் அந்த அதிகாரி கதவைத் தானே தோளில் சுமந்து வராத குறை. உள்ளதை உள்ளபடி சொல்கிறவள் என்று ஊரில் பெயர். பால் திரிந்துவிட்டது என்று அவள் சொன்னால் பசுவே தலைகுனியும் என்பார்கள்.

அப்படிப்பட்டவள் இருபத்தேழு வருடமாக ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் சின்னப் பொய் இல்லை. தன் மகள் தனுசியாவைத் தானே பெற்றதாகச் சொன்னாள்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி மூண்டபோது அவளுக்கும் கனகரத்தினத்துக்கும் கலியாணம் நடந்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. வயலையும் மாடுகளையும் விட்டுவிட்டு ஓடி, மடுமாதா கோயில் வளவில் ஆயிரமாயிரம் சனத்தோடு ஒரு தறப்பாள் கூடாரத்தின் கீழ் ஒதுங்கினார்கள். பக்கத்துத் தறப்பாளில் லூசியா என்ற பெண். மன்னார்த் தீவின் கரையிலிருந்து தனியாக வந்தவள். கடலுக்குப் போன புருசன் திரும்பவில்லை. நிறைமாதம். பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் மலேரியா அவளைக் கொண்டுபோய்விட்டது. கோயில் சுவாமியார் பிள்ளையைத் துணியோடு தூக்கி மங்கையற்கரசியின் மடியில் வைத்தார். "தாயின்ர ஆக்கள் வந்தால் குடுக்கோணும்" என்றார். யாரும் வரவில்லை. சுவாமியாரும் இரண்டு வருடத்தில் கண்ணை மூடிவிட்டார்.

நிவாரண அட்டையில் பிள்ளையின் பெயருக்கு நேரே 'மகள்' என்று எழுதியாயிற்று. ஒருவர் யாருடைய பிள்ளை என்பதை அந்த நாளில் அந்த அட்டைதான் தீர்மானித்தது. வருடங்கள் கழித்துப் பிறப்புப் பதிவு எடுக்கப் போனபோதும் அதே அட்டைதான் சாட்சி. ஊர்ச்சனம் நாலா பக்கமும் சிதறியிருந்ததால், யார் எங்கே என்ன பெற்றார்கள் என்று பார்க்க ஆளில்லை. பிறகு சொந்தக்காரரைக் கண்டபோது, மங்கையற்கரசி பிள்ளைப்பேற்றுக் கதையை ஒன்றும் விடாமல் சொன்னாள். விடிய விடிய மழை, ஒழுகின தறப்பாள், கத்தரிக்கோலைச் சுடுதண்ணீரில் போட்ட மருத்துவிச்சி. லூசியாவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் என்பதால் விபரங்களுக்குப் பஞ்சமில்லை. வலியை மட்டும் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

கனகரத்தினத்துக்குப் பொய் வராது. மனைவி அந்தக் கதையை எடுத்தாலே, "மாட்டை அவிட்டுக் கட்டோணும்" என்று எழுந்து போய்விடுவார். சண்டை முடிந்து கொண்டுபோய் வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், மாடு என்ற பெயருக்கே ஒன்றில்லாத இடத்தில்கூட, அவர் ஒருமுறை மாடு பார்க்கப் போனார். போய்க் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தார். பிள்ளையில் உயிர் அவருக்கு. ஆனால் அவள் பிறந்த கதை மட்டும் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அந்தப் பொய்யைச் சுமந்தது மங்கையற்கரசி ஒருத்திதான்.

ஊருக்குத் திரும்பி நாலைந்து வருடத்தில் அவருக்கு ஞாபகம் பிசகத் தொடங்கியது. விதைத்த வயலுக்கு மறுநாள் கலப்பையோடு போய் நின்றார். அடம்பன் சந்தைக்கு மண்வெட்டிப் பிடி வாங்கப் போனவர் ஒரு தலையணையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். "கனகருக்கு அறளை பேந்திட்டுது" என்றது ஊர். அவருடைய தகப்பனுக்கும் அப்படித்தான். தமக்கை மனோன்மணிக்கும் அப்படித்தான், ஆனால் அதை யாரும் ஒரு வருத்தம், ஒரு நோய் என்று கணக்கெடுக்கவில்லை. முகாமில் மனோன்மணி ஒவ்வொரு நாளும் பிறத்தியார் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தாள். எல்லாக் கூடாரமும் ஒரே மாதிரி இருந்தபடியால் யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. எதைக் கேட்டாலும் ஷெல் அதிர்ச்சி என்று முடித்துவிடுகிற காலம் அது.

இரண்டாயிரத்துப் பதினாறில் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வுக் குழு அடம்பனுக்கு வந்தது. மறதி நோய் பரம்பரையில் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதற்காக, ஒரே குடும்பத்தில் பல பேருக்கு மறதி உள்ள வீடுகளைத் தேடினார்கள். கனகரத்தினத்தின் குடும்பத்தைச் சொல்லிக் கொடுக்க ஊருக்குள் ஆளா இல்லை! பொதுநோக்கு மண்டபத்தில் ரிஸ்னா என்ற இளம் டொக்டர் அவரைக் கதிரையில் இருத்திக் கேள்வி கேட்டாள்.

"ஐயா, இது என்ன வருசம்?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதே பிள்ளை?"

"நான் மறந்திட்டன் எண்டு வைங்களேன்."

"அப்ப நீங்கள்தான் ஒரு டொக்டரைக் காட்டோணும்."

டொக்டர் சிரித்துவிட்டாள். பிறகு கதிரை, எலுமிச்சை, படகு என்று மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். கதிரை மட்டும் வந்தது. அதுவும் அவர் அதில் குந்தியிருந்தபடியால் வந்தது என்பது மங்கையற்கரசியின் கணிப்பு. மணிக்கூடு கீறச் சொன்னபோது பன்னிரண்டு இலக்கத்தையும் ஒரு பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, தானே அதைப் பார்த்து, "இது அரைநாள் வேலை செய்யிற மணிக்கூடு" என்றார்.

"இது இன்னும் அல்சைமர் எண்டு சொல்லேலாது, அம்மா" என்று டொக்டர் விளக்கினாள். "ஞாபகம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. தன்ட வேலையத் தானே பாக்கிறார்தானே. சிலபேருக்கு இது இப்பிடியே நிக்கும். சிலபேருக்குக் கூடிப் போகும்."

"படியில நிக்கிறார். உள்ள போவாரோ திரும்பி வருவாரோ தெரியாது எண்டுறீங்கள்."

"ஓம், அப்பிடித்தான்."

டொக்டர் ஒரு தாளில் குடும்பத்தைக் கீறினாள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். மறதி வந்தவர்களைக் கறுப்பாக நிரப்பினாள். தகப்பன் கறுப்பு. மனோன்மணி கறுப்பு. கனகரத்தினத்தின் சதுரத்தில் பாதி கறுப்பு. அதிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கி ஒரு வெறும் வட்டத்தில் முடிந்தது. அது தனுசியா. அடம்பனில் கமநல சேவைக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து, அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவளுக்குள் புகுந்த பயம் பிறகு வெளியே போகவில்லை. தானும் ஏதாவது ஒரு சாமானை எங்கே வைத்தேன் என்று மறந்தால் உடனே முகம் வெளிறிவிடும்.

கனகரத்தினம் படியில் நிற்கவில்லை. ஒரு வருடத்தில் உள்ளே போய்விட்டார். சேட்டுக்குப் பொத்தான் போட மங்கையற்கரசி வேண்டியிருந்தது. கிணற்றடிக்கு வழிகாட்ட அவள் வேண்டியிருந்தது. அவள் ஏசிக்கொண்டேதான் செய்தாள். "மாப்பிள்ளைக்கு இண்டைக்கு என்ன கலர் சேட்டு?" என்பாள். அவரும் மாப்பிள்ளை மாதிரியே வெட்கப்படுவார். ஏச்சும் பகிடியும் இல்லாவிட்டால் அவள் உடைந்துபோயிருப்பாள். அவர் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

பதினேழாம் ஆண்டு கார்த்திகையில் குழு மறுபடி வந்தது. இந்த முறை இரத்தம் எடுக்க. டொக்டர் ரிஸ்னா பழைய தாளை விரித்து, சரி பார்ப்பதற்காகக் கேட்டாள்: "ஐயா, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தின பேர்?"

"ஒண்டே ஒண்டு. உந்தா நிக்கிறாள்."

"எங்க பிறந்தவ?"

மங்கையற்கரசி வாயைத் திறப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார். "மடுவில. அண்டைக்கு என்ன மழை தெரியுமே! தறப்பாள் ஒழுகுது. இவ மங்கை என்ர கையைப் பிடிச்ச பிடியில நகம் இறங்கிப்போச்சு. மருத்துவிச்சி கத்தரிக்கோலைச் சுடுதண்ணிக்க போட்டவ. விடியப்புறம் பிள்ளை கத்தின சத்தம் மடுக்கோயில் முழுக்கக் கேட்டுது. நான்தான் முதல் தூக்கினனான். இவ்வளவு இருந்தாள்." கையை விரித்து அளவு காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. அவள் இத்தனை வருடமும் ஊருக்குச் சொன்ன கதை, எழுந்து போகிறபோதெல்லாம் அவர் காதில் விழுந்த கதை, உண்மை அழிந்துபோன இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அவருக்கு அதுதான் நடந்தது. முதலில் அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. இருபத்தேழு வருடத்தில் முதல்தரம் அந்தக் கதையை அவளோடு சேர்ந்து இன்னொருவர் சொல்கிறார். மறுகணமே பயம் பிடித்தது. லூசியாவைத் தெரிந்த ஆள் உலகத்தில் இனி அவள் ஒருத்திதான்.

"எனக்கும் எடுங்கோ டொக்டர்" என்று தனுசியா கையை நீட்டினாள். "எனக்கு வருமோ வராதோ எண்டு தெரியோணும்."

"மகள், தனித்தனி ஆளுக்கு முடிவு சொல்ல மாட்டம். இது ஆய்வுக்கு மட்டுந்தான். அந்த மரபணு இருந்தாலும் கட்டாயம் வரும் எண்டில்ல. வாறதுக்கு வாய்ப்புக் கூடும், அவ்வளவுதான்."

"இருந்தாலும் எடுங்கோ."

"அவளுக்குக் காய்ச்சல்" என்றாள் மங்கையற்கரசி.

"எனக்கென்ன காய்ச்சல்?"

"இனி வரும். நீ கந்தோருக்குப் போ, நாளைக்குப் பாப்பம்."

மகள் தாயை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போனாள். மங்கையற்கரசி டொக்டரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். கேட்பதற்கு ஒரு கேள்விதான் இருந்தது, அதற்கு நாக்கு எழும்பவில்லை. மங்கையற்கரசிக்கு நாக்கு எழும்பாத நாளும் வந்தது.

"பிள்ளை, ரத்தத்தில ஆர் ஆற்ர பிள்ளை எண்டு தெரியுமோ?"

ரிஸ்னா பேனையைக் கீழே வைத்தாள். "தெரியும், அம்மா. ஆனா நாங்க யாருக்கும் சொல்றல்ல."

"உங்களுக்குத் தெரியுமெல்லே."

"இப்பவே விளங்குதுதானே." டொக்டர் குரலைத் தாழ்த்தினாள். "மகள்ட பேர நான் எடுத்து விடுறன். காரணம் எழுதத் தேவயில்ல. எங்கட வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில முஸ்லிம் சனத்த வெளியேத்தினப்ப கொண்டச்சிய விட்டுப் புத்தளம் போன ஆக்கள். நான் அங்க முகாமிலதான் பிறந்தன். அந்த வருசத்துக் கதையள நான் கிளறுறல்ல, அம்மா."

"அப்ப என்ர பிள்ளைக்கு வராது?"

"ஐயாட வழியில வராது. வயசு போனா எல்லாருக்கும் உள்ள பங்கு அவவுக்கும் இருக்கும். வேற பயப்பட ஒண்டுமில்ல."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மங்கையற்கரசி வீட்டுக்கு வந்தாள். போகவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தகப்பனுக்குச் சோறு தீத்திவிட்டுக் கையைக் கழுவின தனுசியா, குசினி வாசலில் நின்று சொன்னாள்:

"அம்மா, தையில வைச்ச கலியாணம் வேண்டாம். நிதர்சனுக்கு இந்தக் கிழமை சொல்லப்போறன்."

நிதர்சன் அடம்பனில் ஆசிரியன். நல்ல பெடியன். நாலு வருடமாக அவளைத் தவிர வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்காதவன்.

"உனக்கென்ன விசரே?"

"இப்ப இல்லை. பிறகு வரும். அப்பப்பாவுக்கு வந்தது, மனோன்மணி மாமிக்கு வந்தது, அப்பாவுக்கு வந்திட்டுது. அடுத்தது நான்தானே. நீங்கள் படுற பாட்டை நான் பாக்கிறன். அந்த மனுசன் எனக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு இருக்கோணுமோ? எனக்கொரு பிள்ளை பிறந்து, அதுக்கும் குடுக்கோணுமோ?"

"டொக்டர் என்ன சொன்னவ? கட்டாயம் வரும் எண்டு இல்லையெல்லே?"

"வராது எண்டும் சொல்லேல்லையே!"

வராது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள் முன்னால் அகப்பையோடு நின்றது. ஆய்வுகூடம் சொல்லமாட்டேன் என்ற முடிவு மங்கையற்கரசியிடம் இருந்தது. அதைச் சொன்னால் பிள்ளையின் பயம் போகும், கூடவே தாயும் தகப்பனும் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் இல்லாத ஒரு வருத்தத்துக்காகப் பிள்ளை தன் வாழ்வையே மூடிக்கொள்வாள். இதற்கா அந்தத் துணிச்சுருளை மடியில் வாங்கி, பிறகு பிள்ளையோடு காடும் கடலோரமும் ஓடினாள்? அன்று அவள் சமைத்த கறியில் உப்பில்லை.

மறுநாள் காலை மகள் வேலைக்குப் போனபின், கிணற்றடியில் கனகரத்தினத்துக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வருடமாக எந்தக் காரியத்தையும் அவரிடம் கேட்காமல் அவள் செய்ததில்லை. கேட்டுவிட்டுத் தன் எண்ணப்படி செய்வாள், அது வேறு. இதையும் கேட்க வேண்டும் போலிருந்தது.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்குச் சொல்லுவமே?"

"எதை?"

"லூசியாவை."

"அது ஆர்?"

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் குந்தினாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை உள்ளபடி. தீவுக்கரைப் பெண், தனியாக வந்தவள், மழை, பிள்ளை, பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். அவர் எழுந்து மாடு பார்க்கப் போகவில்லை. வாய் திறந்தபடி கேட்டார். லூசியா செத்த இடம் வந்ததும் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"ஐயோ பாவம். அந்தக் குழந்தை?"

"என்ன?"

"அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது, மங்கை? ஆராவது நல்ல ஆக்கள் எடுத்தவையோ?"

"ஓம். எடுத்தவை."

"வடிவாப் பாத்தவையோ?"

"தங்களால ஏண்ட மட்டும் பாத்தவை."

"அப்ப சரி" என்று கனகரத்தினம் துவாயின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி கேட்டார்.

அவரைப் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரியிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டு, பதினொரு மணிப் பஸ்ஸில் அவள் அடம்பனுக்குப் போனாள். வீட்டில் வைத்துச் சொல்ல அவளால் முடியாது. அங்கே அவர் இருப்பார். மதியம் தனுசியா சாப்பாட்டுப் பார்சலோடு கந்தோர் வளவு வாகை மரத்தின் கீழ் வந்து இருந்தாள். தாயைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"அப்பாவுக்கு என்னவும் நடந்ததோ?"

"அப்பாவுக்கு ஒண்டுமில்லை. சாப்பிடு. சாப்பிட்டு முடி, சொல்லுறன்."

"சொல்லுங்கோ, பிறகு சாப்பிடுறன்."

சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. நாலு வசனத்தில் முடிந்துவிட்டது. இருபத்தேழு வருடப் பொய்க்கு எத்தனையோ விபரம் தேவைப்பட்டது. உண்மைக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

தனுசியா பார்சலை மடித்தாள். மறுபடி பிரித்தாள். "அவவின்ர பேரென்ன?"

"லூசியா."

"எங்க புதைச்சது?"

"மடுவில. இடம் எனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போறன்."

"இருபத்தேழு வருசம்! நான் எத்தினைதரம் கேட்டிருப்பன், நான் பிறந்த கதையைச் சொல்லுங்கோ எண்டு! வாய் கூசாமச் சொன்னீங்களே அம்மா!"

"ஓம்."

"ஏன் இப்ப சொல்லுறீங்கள்?"

"உனக்கு அந்த வருத்தம் வராது எண்டு சொல்ல எனக்கு வேற வழி தெரியேல்லை. அவற்ர ரத்தம் உன்னட்ட இல்லை. டொக்டரிட்டக் கேட்டுப்போட்டுத்தான் வந்தனான். போய்க் கலியாணத்தைக் கட்டு. என்னோட கோவமெண்டால் கோவப்படு. அம்மா எண்டு கூப்பிட மனமில்லையெண்டால் கூப்பிடாதை. ஆனால் பயப்பிடாதை."

மகள் முகத்தில் நிம்மதி வரும் என்று மங்கையற்கரசி பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. தனுசியா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கந்தோர் யன்னலில் இரண்டு தலை தெரிந்தது. மங்கையற்கரசி பார்த்த பார்வையில் இரண்டும் மறைந்தன.

"அப்ப அப்பாவின்ர ஒண்டுமே என்னட்ட இல்லையோ?" என்றாள் தனுசியா. "அந்த வருத்தங்கூட இல்லையோ?"

மங்கையற்கரசி மகளின் முதுகில் கையை வைத்தாள். மகள் அதைத் தட்டிவிடவில்லை.

"அப்பாவுக்கு இது தெரியுமெல்லே? அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னவர்?"

"தெரிஞ்சது. இப்ப மறந்திட்டார். நீ அவருக்குப் பிறந்த பிள்ளை எண்டுதான் இப்ப அவற்ர நினைப்பு. இண்டைக்குக் காலமை சொல்லிப் பாத்தனான்."

"என்ன சொன்னவர்?"

"அழுதவர். அந்தக் குழந்தையை ஆராவது நல்ல ஆக்கள் எடுத்தவையோ எண்டு கேட்டவர்."

தனுசியா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். இரண்டு மணியாகிவிட்டது, உள்ளே போக வேண்டும். உரமானியத்துக்கு வந்த சனம் வரிசையில் நின்றது. மூன்று எட்டு நடந்தவள் திரும்பி வந்தாள்.

"நிதர்சனுக்கு நானே சொல்லுறன். அவர் தாங்குவார். ஆனால் அப்பாவுக்கு இனிச் சொல்லாதேங்கோ, அம்மா. நான் அவர் பெத்த பிள்ளை இல்லையெண்டு அவருக்குத் தெரியக்கூடாது."